தோற்றவனிடம் ஆட்டம் என்ன சொல்கிறது?

2010-ல் டோனி மாட் தொகுத்து ஒரு தடிப் புத்தகம் வந்தது. சாவதற்குள் ஆடியே தீர வேண்டிய 1001 வீடியோ கேம்கள் என்பது அதன் தலைப்பு. அதற்கு முன்னும் பின்னும் இதே மாதிரிப் பட்டியல்கள் ஏராளம். சிறந்த நூறு, மறக்க முடியாத ஐம்பது, எல்லோரும் ஆட வேண்டிய பத்து. எனக்கு இந்தப் பட்டியல்கள் பிடிக்கும். யாராவது ஒன்றை அனுப்பினால் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் சோற்றில் கல் மாதிரி கடிபடும். 'சிறந்த' என்ற சொல்லைச் சொல்லவில்லை. அதில் சண்டை போடலாம், பட்டியல் போடுவதே அதற்குத்தானே. கடிபடுவது 'எல்லோரும்'.

அந்த எல்லோரும் யார் என்று கொஞ்சம் யோசித்தால் ஒரு ஆள் தெரிவார். அவர் வீட்டில் சொந்தமாக ஒரு கன்சோல் இருக்கும். ஒரு கேமுக்கு மூவாயிரம், நாலாயிரம் குடுக்கலாம். அறுபது மணி நேரம் தனியாக உட்கார ஒரு அறை இருக்கும். ஆங்கில வசனங்களை ஓடுகிற வேகத்தில் வாசிப்பார். போடிநாயக்கனூரில் நான் வளர்ந்த தெருவில் அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் விடிவதற்கு முன்னாலேயே தோட்ட வேலைக்கு ஜீப்கள் மலையேறும். மேலே ஏலத் தோட்டம், கீழே ஏலக்காய் கோடவுன், ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம். காய்க்கும் ஏலம்தான் பெயர், விற்கிற முறைக்கும் ஏலம்தான் பெயர். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். நாங்கள் குழம்புவதில்லை.

இந்த ஊருக்கும் வீடியோ கேம் வந்தது. பட்டியல்காரர்கள் நினைக்கிற வழியில் வரவில்லை, அவ்வளவுதான். வந்த வழி எங்களுக்கு ஒரு கண்ணைக் கொடுத்தது, ஒரு கண்ணை மூடியும் விட்டது என்று நினைக்கிறேன். இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

எங்களுக்கு வந்தது கேசட். 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள் 90-களிலும் 2000-களிலும் இந்தியா முழுக்க விற்றன. நாங்கள் அதை 'டிவி கேம்' என்போம். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது பத்துப் பதினைந்து ஆட்டம்தான். மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில், இல்லாவிட்டால் அதே ஆட்டம் மூன்றாவது கட்டத்திலிருந்து. கையேடு கிடையாது. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் கரண்ட் எப்படிப் போனது என்பது அந்த வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதனால் ஒரு வினோதம் நடந்தது. உலகம் கொண்டாடிய ஆட்டங்களின் முடிவுகள் எங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தொடக்கங்கள் மட்டும் அத்துப்படி. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இளவரசியைக் கடைசியில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் முதல் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவோம்.

அந்த முதல் கட்டத்தைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். வாசித்து என்றுதான் சொல்கிறேன்.

மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் பார்த்தபடி. வலப்பக்கம் காலி. எங்கே போகணும் என்று யாரும் சொல்லவில்லை, காலியிடம் சொல்கிறது. நாலடி போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு உருவம் எதிரே வருகிறது. பட்டால் செத்தோம். ஆட்டம் தொடங்கிச் சில நொடிதான் ஆகியிருக்கும், அதனால் அந்தச் சாவு வலிப்பதில்லை. அடுத்த தடவை குதிக்கிறோம். குதிக்கும்போது தலை மேலே இருக்கிற கேள்விக்குறிப் பெட்டியில் இடிக்கிறது, காசு வருகிறது. அடுத்த பெட்டியை இடித்தால் ஒரு காளான் வந்து வலப்பக்கம் ஓடுகிறது, பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. முதலில் பார்த்த எதிரி மாதிரியே இருக்கிறதே என்று பயந்து குதித்தால் மேலே இருக்கிற கட்டிகள் தடுக்கும். பெரும்பாலும் அதன் மேலேயே விழுவோம். விழுந்தால் சாவதில்லை, வளர்கிறோம்.

இதெல்லாம் திட்டமிட்டுச் செய்தது என்று ஷிகெரு மியாமோட்டோ பின்னாளில் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். 1985-ல் அவரும் தகாஷி தெஸுகாவும் வடிவமைத்த ஆட்டம் அது. அந்தப் பேட்டிகள் எங்களுக்கு அப்போது தேவைப்படவில்லை. ஆங்கிலமும் தேவைப்படவில்லை, ஜப்பானிய மொழியும் தேவைப்படவில்லை. ஆட்டம் தன் விதிகளைக் கொண்டே பேசிவிட்டது. கையேடு இல்லாமல், மொழி இல்லாமல், பாதியில் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் ஒரு ஆட்டம் தன்னைக் கற்றுக்கொடுக்குமா? பர்மா பஜாரிலிருந்து போடி வரைக்கும் எல்லா நகல் கேசட்டும் தெரியாமலே வைத்த பரீட்சை இது. மாரியோ அதில் தேறியது. தேறாத எத்தனையோ ஆட்டங்கள் அதே கேசட்டில் 47-வது எண்ணிலும் 312-வது எண்ணிலும் யாரும் தொடாமல் கிடந்தன.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். மாரியோவில் தோற்றவனிடம் ஆட்டம் சொல்வது: "போன தடவையைவிட உனக்கு இப்ப ஒண்ணு கூடத் தெரியும், வா."

*

டிவி கேமில் கன்ட்ரோலர் இரண்டு. அறையில் பையன்கள் ஏழெட்டு. அப்படியானால் ஐந்தாறு பேர் எப்போதும் பின்னாடி நிற்பார்கள். நாம்கோ நிறுவனத்தின் பேட்டில் சிட்டியை (அதுவும் 1985தான், நாங்கள் 'டேங்க்' என்போம்) நான் ஆடியதைவிடப் பின்னாடி நின்று பார்த்ததே அதிகம்.

செங்கல் சுவர்களால் ஆன ஒரு சதுரம். கீழே நடுவில் ஒரு கழுகுச் சின்னம். மேலிருந்து எதிரி டாங்கிகள் இருபது வரும். இரண்டு பேர் சேர்ந்து கழுகைக் காப்பாற்ற வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று, கழுகின் மேல் நம் குண்டே பட்டாலும் ஆட்டம் அதோடு முடிந்தது, எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும் சரி. இரண்டு, கூட்டாளியின் மேல் நம் குண்டு பட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். அந்த நேரத்தில் எதிரி வந்து அவனை முடிப்பான்.

இந்த இரண்டு விதியையும் சேர்த்தால் என்ன வருகிறது? நாம் காக்கிற பொருளுக்கு நாமும் ஒரு ஆபத்து. கூட நிற்கிறவனுக்கு நம் அவசரம் ஒரு ஆபத்து. போர் விளையாட்டு என்ற பெயரில் வந்த ஆயிரம் ஆட்டங்களில் இவ்வளவு நேர்மையாகப் போரைப் பற்றிச் சொன்னவை குறைவு. எங்கள் அறையில் பாதிச் சண்டை எதிரியோடு நடக்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடுதான் நடக்கும். "சொவத்த ஏன்டா உடைக்கிற? அதான்டா கழுகுக்குக் காவல்!" என்று கத்துபவன் ஆடுகிறவனாக இருக்க மாட்டான். பின்னாடி நிற்பவன்தான் கத்துவான். கன்ட்ரோலர் கையில் இருப்பவனுக்குத் தன் டாங்கி மட்டும் தெரியும். கை சும்மா இருப்பவனுக்குத்தான் முழுத் திரையும் தெரியும், ஆட்டத்தின் விதியும் தெரியும்.

எங்கள் ஊரின் முதல் கேம் விமர்சகன் அவன்தான் என்று நான் நம்புகிறேன். விமர்சனம் என்ற சொல் அவனுக்குத் தெரியாது. ஆனால் ஆட்டத்துக்கு ஒரு அடி பின்னால் நின்று அது என்ன செய்கிறது என்று சொன்னவன் அவன்.

*

'எல்லோரும்' என்று சொன்னேனே, டிவி கேம் அறையிலும் அந்த எல்லோரும் இல்லை. பெண் பிள்ளைகள் வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிரவுசிங் சென்டர் வந்த பிறகு அந்த வாசலும் அடைபட்டது. தடுப்பு வைத்த அந்த அறைகளுக்குள் எந்த வீட்டிலும் தங்கச்சியை அனுப்பவில்லை.

ஒரே ஒரு ஆட்டம் இந்தக் கோட்டைத் தாண்டியது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கடைகளில் பிரிக் கேம் விற்பார்கள். சின்னப் பெட்டி, இரண்டு பேட்டரி, கறுப்புக் கட்டங்கள். கீச் கீச் என்று ஒரு பாட்டு. உள்ளே இருப்பது டெட்ரிஸ். பையனுக்கு என்று வாங்கியது ஒரு வாரத்தில் வீட்டுப் பெண்கள் கைக்குப் போய்விடும்.

எங்கள் சித்தி ஏலக்காய் கோடவுனில் காய் பிரிக்கப் போவார். காயின் பருமனை 7 மில்லி, 8 மில்லி என்று சல்லடை பிரித்துவிடும். நிறம் மங்கியது, வெடித்தது, பூச்சி விழுந்தது இதையெல்லாம் கண்ணும் விரலும்தான் பிரிக்க வேண்டும். பிரிக் கேமைக் கையில் வாங்கி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு சித்தி சொன்னார்: "இதுக்கா காசு குடுத்த? காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் நான் இதத்தானடா பண்றேன்." சொல்லிவிட்டு ஆடத் தொடங்கினார். அந்த வருடம் எங்கள் வீட்டில் அவர் எண்ணிக்கையை யாரும் தொடவில்லை.

டெட்ரிஸைப் பற்றி நான் வாசித்த பல நல்ல கட்டுரைகளைவிட அந்த ஒரு வரி பெரிது. 1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது அது. அவருக்குக் கிடைத்த எலக்ட்ரோனிகா 60 இயந்திரத்தில் படம் வரைய வசதி இல்லை, எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஏழு வடிவம், ஒரு கிணறு. கதை இல்லை, நாயகன் இல்லை, எதிரியும் இல்லை. வேலைதான் இருக்கிறது. வந்துகொண்டே இருக்கிற வேலை. சரியாகச் செய்ததெல்லாம் கண்ணிலிருந்து மறைந்துபோகும், அடுத்தது வரும், வேகம் கூடும். கோடவுனில் காய் பிரிப்பவர்களுக்கு இது புதிதில்லை. புதிது ஒன்றுதான்: இங்கே அவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஆள் இருந்தது, எண்ணிக்கையைச் சொல்லி வியக்க ஆள் இருந்தது.

டெட்ரிஸில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரம் தோற்காமல் தள்ளுகிறோம் என்பதுதான் கணக்கு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் நிண்டெண்டோவின் பழைய டெட்ரிஸை 157-வது நிலை வரை கொண்டுபோனான். அங்கே ஆட்டமே உறைந்து நின்றுவிட்டது. அந்தப் பதிப்பு வந்து 34 வருடம் கழித்து முதல் முறையாக மனிதனுக்கு முன்னால் இயந்திரம் தோற்றது. அதுவரை எல்லோரும் தோற்றார்கள், எல்லோரும் மறுபடி ஆடினார்கள். தோற்றவனிடம் டெட்ரிஸ் சொல்வது: "எல்லாருக்கும் இதான். நீ கொஞ்சம் நல்லாவே தாக்குப் பிடிச்ச."

உருவாக்கியவருக்கே 1996 வரை அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை என்று ரொம்ப வருடம் கழித்துச் சித்தியிடம் சொன்னேன். "அப்ப அவரும் நம்ம செட்டுதான்" என்றார்.

*

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று சட்டம், இன்னொன்று தலையெழுத்து. ஆட்டத்தைப் பற்றி யோசிக்க இதைவிட வசதியான சொல் வேறு மொழியில் இருக்குமா தெரியவில்லை.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடுகிற பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திறமைக்கு இடமே இல்லை. தாயம் விழுவதுதான் எல்லாம். ஏணிகளுக்குப் புண்ணியங்களின் பெயர், பாம்புகளுக்குப் பாவங்களின் பெயர். மேலே போகப் போகப் பாம்பு நீளமாகிறது. உயரத்தில் இருப்பவனின் சறுக்கல்தான் பெரிய சறுக்கல் என்று எந்த உபதேசமும் இல்லாமல் கட்டங்களே சொல்லிவிடுகின்றன. ஆடுபுலி ஆட்டம் இதற்கு நேரெதிர். அதில் அதிர்ஷ்டம் இல்லை. புலி மூன்று, ஆடு பதினைந்து. பழைய கோயில்களின் கல்தரையில் இதன் கோடுகளை இன்றும் பார்க்கலாம். தனியாக நிற்கிற ஆடு வெட்டுப்படும். பின்னால் இன்னொரு ஆடு இருந்தால் புலியால் தாண்ட முடியாது. சேர்ந்து நகர்ந்தால் புலி அசைய இடமில்லாமல் அடைபடும். இதைக் கதையாகச் சொன்னால் நீதிக்கதை. ஆடிப் பார்த்தால் கையில் ஏறிவிடுகிற அறிவு.

இயன் போகோஸ்ட் 2007-ல் எழுதிய ஒரு நூலில் இதற்கு ஒரு கோட்பாட்டுப் பெயர் கொடுத்தார். சொல்லாலும் படத்தாலும் வாதம் செய்வது மாதிரி, விதிகளாலும் செயல்முறைகளாலும் வாதம் செய்யலாம், கேம்கள் அதைத்தான் செய்கின்றன என்பது அவர் சொல்வதன் சாரம். கோட்பாடு புதிது. பழக்கம் நமக்குப் புதிதில்லை. திண்ணையில் ஆடுபுலி ஆடிய தாத்தாவுக்கு, புலிப்பக்கம் ஆடுவதற்கும் ஆட்டுப்பக்கம் ஆடுவதற்கும் இருக்கிற வித்தியாசம் தெரியும்.

*

இனி மூடிய கண்ணைப் பற்றி.

மொழி இல்லாமல் தேறிய ஆட்டங்கள் மட்டுமே எங்களிடம் வந்ததால், மொழியோடு பேசுகிற ஆட்டங்கள் என்று ஒரு உலகம் இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் போனது. ராக்ஸ்டார் நார்த் உருவாக்கி 2002-ல் வெளிவந்த ஜிடிஏ வைஸ் சிட்டி எங்கள் பிரவுசிங் சென்டரின் ராஜா. மணிக்கு இருபது ரூபாய். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகள்: 'பேன்சர்' அடித்தால் டாங்கி வரும், 'லீவ்மீஅலோன்' அடித்தால் போலீஸ் போய்விடும். பைக்கை எடுப்போம், கடற்கரையில் ஓட்டுவோம், ரேடியோவில் தெரியாத பாட்டு ஓடும், நேரம் முடிந்துவிடும்.

அந்த நகரம் இரண்டு பெரிய தீவுகளாக இருக்கும். ஆரம்பத்தில் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலங்களை அடைத்து வைத்திருப்பார்கள். மிஷன்களை முடித்துக் கதையில் முன்னேறினால்தான் பாலம் திறக்கும். மிஷன் முழுக்க ஆங்கிலப் பேச்சு, ஒருவன் எங்கேயோ போகச் சொல்வான், யாரையோ பார்க்கச் சொல்வான். எங்களில் பலருக்கு அது புரியவில்லை. இருபது ரூபாய் நேரத்தில் புரிந்துகொள்ளப் பொறுமையும் இல்லை. அதனால் வருடக்கணக்கில் வைஸ் சிட்டி ஆடியும் பாதி நகரத்தை மட்டுமே பார்த்தவர்கள் நாங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு கதை விடுவோம்.

அந்தப் பாதியில் எங்களுக்குப் புரியாமல் போனது, அது 80-களின் அமெரிக்கப் பேராசையைக் கிண்டல் செய்கிற ஆட்டம் என்பது. அந்த ஆட்டத்தில் செத்தால் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்போம், கொஞ்சம் பணமும் துப்பாக்கிகளும் போயிருக்கும். பணம் இருப்பவனுக்குச் சாவு ஒரு செலவுக் கணக்கு. தோற்றவனிடம் ஆட்டம் சொல்கிற அந்தக் கசப்பான நகைச்சுவை, ரேடியோ விளம்பரங்களும் வசனங்களும் புரிந்தால்தான் நகைச்சுவையாகக் கேட்கும். புரியாவிட்டால் அது வெறும் வசதி.

இப்படி நாங்கள் தவறவிட்ட வகையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது லூகாஸ் போப் தனியாளாக உருவாக்கி 2013-ல் வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ். 1982. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனைச் சர்வாதிகார நாடு. நீங்கள் எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு குமாஸ்தா. வரிசையில் வருபவர்களின் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவுதான் சம்பளம். சாயங்காலம் வாடகை, சாப்பாடு, குளிர்காய எரிபொருள், மருந்து எல்லாம் அதிலிருந்துதான். ஒரு நாள் ஒரு ஆள் சரியான தாள்களோடு வருகிறார். பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பாருங்கள் என்கிறார். மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் உங்களுக்கு எச்சரிக்கைத் தாள் வரும், அது சேர்ந்தால் அபராதம். அபராதம் விழுந்தால் வீட்டில் யாரோ பட்டினி.

2020-ல் கொரோனா நேரத்தில் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போக இ-பாஸ் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் போடிமெட்டு ஏறி வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அப்போதுதான் அது இன்னொரு மாநிலம் என்று உறைத்தது. அந்த மாதங்களில் நான் பேப்பர்ஸ், ப்ளீஸ் ஆடிக்கொண்டிருந்தேன். சாவடியின் அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் கோபம் எனக்குப் பழக்கம். உள்ளே உட்கார்ந்திருப்பவனின் விரல் ஏன் சிவப்பு முத்திரையைத் தேடுகிறது என்பதை அந்த ஆட்டம்தான் காட்டியது. அவன் கெட்டவன் என்பதால் இல்லை, விதி அவன் சோற்றில் கை வைத்திருக்கிறது. ஒரு நாவல் இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். செய்ய வைத்திருக்க முடியாது.

*

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்?

இன்று போடியில் கேசட்டும் இல்லை, பிரவுசிங் சென்டரும் இல்லை. எல்லாம் போன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்லைன் ரம்மியில் காசை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசு பறிக்கிற கடையை மூடத்தான் வேண்டும். ஆனால் இந்த விவாதம் முழுக்கத் தமிழில் இரண்டே சொற்கள்தான் புழங்கின: போதை, தடை. நீதிமன்றம் கேட்ட கேள்வி, திறமையா அதிர்ஷ்டமா என்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் முழுக்க அதிர்ஷ்டமான பரமபதம் சூது, ரம்மி கௌரவமான ஆட்டம். அந்தக் கேள்வியால் நமக்கு உபயோகம் இல்லை. நமக்கு வேண்டிய கேள்வியைத்தான் இதுவரை ஒவ்வொரு ஆட்டத்திடமும் கேட்டுக்கொண்டு வந்தேன்: தோற்றவனிடம் இந்த ஆட்டம் என்ன சொல்கிறது?

ரம்மி ஆப் தோற்றவனிடம் சொல்வது: "போனதை மீட்க இன்னும் ஒரு ஆட்டம்தான் பாக்கி." காசு போட்டுச் சுற்றுகிற சக்கரம் சொல்வது: "கொஞ்சத்துல தவறிடுச்சு." இரண்டுமே பொய். இரண்டிலும் தோல்வியிலிருந்து கற்க எதுவும் இல்லை, கட்டத்தான் இருக்கிறது. ஃப்ரீ ஃபயரின் போர்க்களமே அப்படி என்று சொல்ல மாட்டேன். ஐம்பது பேர் குதித்து ஒருவர் மிஞ்சும் அந்த வட்டத்தில் கற்க நிறைய இருக்கிறது, நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடும்போது பேட்டில் சிட்டியின் சத்தம் கேட்கிறது. ஆனால் அதே போனில், அதே ஆட்டத்துக்குள், டைமண்ட் கடையும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு விதிகள். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கண்ணைத்தான் விமர்சனம் தர முடியும். ஏலக்காயில் நல்ல காயையும் பூச்சிக் காயையும் பிரிக்கிற மாதிரி. மூட்டையோடு கொட்டிவிடுவதற்குப் பெயர் தரம் பிரித்தல் இல்லை.

போனில் இன்னொன்றும் போய்விட்டது. பின்னாடி நிற்கிறவன். ஆறு அங்குலத் திரைக்குப் பின்னால் ஆள் நிற்க முடியாது.

*

கடைசியாக வெண்பா. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. 80-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. கிழிந்தும் அழிந்தும் போன அந்தக் குறிப்புகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதெல்லாம் அதில் ஒரு புதிர்.

இட்லியைப் புதிராகப் பார்த்து வெளிநாட்டு விமர்சகர்கள் வியந்தார்கள். நமக்கு வியப்பு வேறு இடத்தில். கவின் வளர்ந்த பிறகு அவனாகச் சமைக்க வேண்டிய ஒரு பகுதி வருகிறது. அம்மாவின் குறிப்பு தமிழில் இருக்கிறது. அவனுக்குத் தமிழ் அரைகுறை, அதனால் மொழிபெயர்ப்பும் அரைகுறையாகத்தான் வருகிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே ஒரு நொடி நிற்பார். நாயகனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது. வைஸ் சிட்டியின் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று பழகியவனுக்கு முதல் முறையாக ஒரு கேமில் பாலம் தன் பக்கத்திலிருந்து திறக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரே மாலையில் முடிந்துவிடும். புதிர்கள் எளிது. கதை ஒரே கோட்டில் போகிறது, நீங்கள் எதை மாற்றினாலும் முடிவு மாறாது. முதலில் இதைப் பலவீனம் என்றே நினைத்தேன். யோசித்தால் அங்கேயும் விதி பேசுகிறது. இட்லி கெட்டால் மறுபடி செய்யலாம், ஆட்டம் திட்டுவதே இல்லை. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் நழுவிப்போகிற மொழியை மறுபடி செய்ய ஒரு பொத்தானும் இல்லை. தோற்றவளிடம் வெண்பா சொல்வது: "சமையலைத் திருத்தலாம். வருஷங்களைத் திருத்த முடியாது." ஆனாலும் நோட்டு மிச்சம் இருக்கிறது என்கிறது.

ஆகவே என் பட்டியல் சின்னது. சூப்பர் மாரியோவின் முதல் கட்டம் மட்டும். பேட்டில் சிட்டி, கட்டாயம் இரண்டு பேராக. டெட்ரிஸ், வீட்டில் இருக்கிற பெரியம்மா, சித்தி கையில் ஒரு தடவை கொடுத்துவிட்டு. வைஸ் சிட்டி, பாலம் திறக்கும் வரைக்கும். பேப்பர்ஸ், ப்ளீஸ். வெண்பா. இடையில் எப்போதாவது ஆடுபுலி. ஏழுதான். 1001 வேண்டாம்.

இதை வாசிப்பவர்களில் பலர் வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இப்போது போனோடு உட்கார்ந்திருக்கும். போனைப் பிடுங்காதீர்கள், அறிவுரையும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். தோற்கும்போது திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். "இப்ப இது உன்கிட்ட என்ன கேக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள்.